மணி அடித்தால் யார் வருவார்கள்?

இரவு பத்தரை மணிக்கு ஷட்டரை இழுத்து, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டு, பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்து, கடையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்படுகிறோம். மறுநாள் பால் வண்டி வரும் நேரம்வரை கடைக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. முன்பு தெரிந்தது. காரணம், கடைக்குள் ஆள் இருந்தது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பையன்கள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். தெருவில் கூர்க்கா விசில் ஊதித் தடியைத் தட்டிக்கொண்டு போவார். ஒன்றாம் தேதி வந்து சலாம் வைத்துக் காசு வாங்கிப் போவார். திருட்டு அன்றும் நடந்தது. ஆனால் "யாரது?" என்று கேட்க ஒரு குரல் இருந்தது.

இன்று அம்பத்தூரிலும், ஆவடியிலும், பூந்தமல்லியிலும் நம் கடைகளில் பெரும்பாலானவை இரவில் ஆளில்லாக் கடைகள். ஊர்ப் பையன்கள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் தனி அறை எடுத்துத் தங்குகிறார்கள். கூர்க்காக்களும் குறைந்துவிட்டார்கள். அந்தக் குரலுக்குப் பதிலாக எதை வைப்பது என்பதுதான் இப்போது நம் முன் உள்ள கேள்வி.

பெரும்பாலோர் கேமரா வைத்திருக்கிறோம். கேமரா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காவல்துறையும் அதைத்தான் வலியுறுத்துகிறது; பல வழக்குகள் கேமராப் பதிவால்தான் துப்புத் துலங்கின. ஆனால் கேமரா சாட்சி சொல்லும், காவல் காக்காது. திருடன் வந்து போனதை மறுநாள் காலை நமக்குக் காட்டும். வந்துகொண்டிருக்கிறான் என்று அந்த நேரத்தில் நம்மை எழுப்பிவிடுவது வேறொரு சாதனம். அதுதான் மோஷன் சென்சார் அலாரம். எட்டு கேமரா வைத்திருக்கும் கடையில் ஒரு சென்சார்கூட இல்லாததை நாம் பார்க்கிறோம். இது தலைகீழ் ஏற்பாடு என்பது நமது கருத்து.

நடந்த சம்பவங்களைப் பார்ப்போம். 2019 அக்டோபரில் திருச்சி லலிதா ஜுவல்லரியில் பின்பக்கச் சுவரில் துளை போட்டுத்தான் உள்ளே புகுந்தார்கள். விலங்கு முகமூடி அணிந்திருந்தார்கள். மோப்ப நாயை ஏமாற்ற மிளகாய்ப் பொடி தூவிவிட்டுப் போனார்கள். கடைக்குக் காவலாளிகள் இருந்தார்கள், கேமராக்கள் இருந்தன. விஷயம் தெரிந்தது காலையில்தான். 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையம் ஜோஸ் ஆலுக்காஸ் கடையிலும் பின்சுவரில்தான் ஓட்டை. உள்ளே வந்தவன் கேமராக்களின் மேல் நுரையை அடித்து மறைத்துவிட்டான். 2023 பிப்ரவரியில் பெரம்பூரில் ஒரு நகைக்கடையின் ஷட்டரை வெல்டிங் இயந்திரத்தால் வெட்டித் திறந்தார்கள்.

நமக்கு இன்னும் அருகில் நடந்தது 2017 நவம்பரில் கொளத்தூர் சம்பவம். மாடியில் இருந்த கடையை வாடகைக்குப் பிடித்து, தரையைத் துளைத்துக் கீழே இருந்த நகைக்கடைக்குள் இறங்கினார்கள். அது நள்ளிரவில் அல்ல, உரிமையாளர் மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிச் சென்றிருந்த பட்டப்பகல் நேரத்தில். அந்த வழக்கின் குற்றவாளிகளைப் பிடிக்க ராஜஸ்தான் சென்ற நம் மதுரவாயல் காவல் நிலைய ஆய்வாளர் பெரியபாண்டியன் அவர்கள், அந்த ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி பாலி மாவட்டத்தில் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். ஒரு கடையின் கூரையில் விழுந்த ஓட்டை எங்கே போய் முடிந்தது என்பதை நம் பகுதி வியாபாரிகள் மறந்துவிடலாகாது.

"இதெல்லாம் தங்கம் விற்கும் கடை. நம்மிடம் துவரம் பருப்பும் புளியும்தானே இருக்கிறது" என்று நம்மில் சிலர் கேட்கலாம். திருடனுக்கு வேண்டியது எடை குறைந்து விலை கூடிய சரக்கு. சிகரெட் பண்டல், ஏலக்காய், முந்திரி, நெய், கல்லாவில் விட்டுவந்த பணம் எல்லாம் நம்மிடம் உண்டு. மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்குக் கடைக்குப் பின்னால் ஒரு சிறு ஆபீஸ் அறை இருக்கும். அதில் அன்றைய வசூல், காசோலைகள், கணக்கு ஏறிய கம்ப்யூட்டர், மர அலமாரியில் பத்திரங்கள். கம்ப்யூட்டர் போனால் இயந்திரம் மட்டும் போகவில்லை. யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கும் அதோடு போகிறது. அந்த அறையின் கூரையோ பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர ஷீட்.

மேலே சொன்ன நான்கு சம்பவங்களிலும் வழி வேறு வேறு: சுவர், மறுபடி சுவர், ஷட்டர், மாடித்தளம். ஒவ்வொரு வழியையும் அடைத்துக்கொண்டே போனால் செலவுக்கு முடிவிராது. ஆனால் எந்த வழியாக வந்தாலும், வந்தவன் உள்ளே நடந்தாக வேண்டும். நடப்பவனைக் கண்டுகொள்வதுதான் மோஷன் சென்சாரின் வேலை. ஷட்டரில் காந்த ஸ்விட்ச் வைப்பதும் நல்லதே. இது புதிய யோசனையும் அல்ல. கதவு திறந்தால் மின்சாரம் பாய்ந்து மணி அடிக்கும் ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் ஷட்டரைத் தொடாமல் கூரை ஷீட்டைக் கழற்றி இறங்குகிறவனிடம் ஷட்டர் ஸ்விட்ச் என்ன செய்யும்?

இந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால்தான் எங்கே மாட்டுவது என்று தெரியும். மாட்ட வருகிற பையன் ஏணி எட்டிய இடத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவான். கடைகளில் விற்பனையாவது பெரும்பாலும் பி.ஐ.ஆர். எனப்படும் வகை. அது எதையும் வெளியே அனுப்புவதில்லை. மனித உடம்பிலிருந்து எப்போதும் வெளிப்படும் வெப்பக் கதிரை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. அதன் முகப்பில் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் அறையை விசிறி மடிப்பு போலப் பல பாகங்களாகப் பிரிக்கிறது. ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குச் சூடான உடம்பு தாண்டும்போது உள்ளே இருக்கும் உணர்கருவி மாற்றத்தைக் காண்கிறது. ஆகவே இருட்டு அதற்குத் தடை இல்லை. ஆனால் குறுக்கே நடப்பவனை எளிதில் காணும். நேராகத் தன்னை நோக்கி வருபவனைக் காண்பது அதற்குச் சிரமம். அறையின் மூலையில் ஏழெட்டு அடி உயரத்தில், திருடன் நடக்கக்கூடிய பாதைக்குக் குறுக்காக இருக்கும்படி மாட்ட வேண்டும். கண்ணாடி வழியாக அதற்குத் தெரியாது. கண்ணாடித் தடுப்பு போட்ட ஆபீஸ் அறைக்கு வெளியே மாட்டிய சென்சார் உள்ளே நடப்பதைச் சொல்லாது.

மளிகைக் கடைக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. கம்பெனிக்காரர் தரும் புத்தகத்தில் இவை இருக்காது.

முதலாவது, எலி. நாய், பூனைக்கு அலாரம் அடிக்காத ரகம் என்று சொல்லி விற்பார்கள். அது விலங்கு தரையில் நடக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. நம் கடைப் பெருச்சாளி தரையிலா நடக்கிறது? எட்டடி மூட்டை அடுக்கின் உச்சிக்கு ஏறி, சென்சாரின் முகத்துக்கு நேரே வந்து உட்காரும். அருகில் வந்த பெருச்சாளி, தூரத்தில் நிற்கும் மனிதனுக்குச் சமம். பல்லி அதைவிட மோசம். சென்சாரின் முகப்பின் மேலேயே ஊர்ந்து பூச்சி பிடிக்கும். ஆகவே சென்சாரைச் சுற்றி மூன்றடிக்கு மூட்டை அடுக்கக் கூடாது. வாரம் ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, சரக்கு. கருவியை மாட்டுவது பெரும்பாலும் குடோன் காலியாக இருக்கும் நாளில். அன்று சோதித்தால் அருமையாக அடிக்கும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியதும் சென்சாருக்கு எதிரே இருபது வரிசை அரிசி மூட்டை. அதன் பிறகு அது இரவெல்லாம் அரிசியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சரக்கு நிறைந்திருக்கும் நாளில்தான் திருடனுக்கும் வேலை. நடைபாதை எது, அடுக்கு எது என்று தரையில் பெயிண்ட் கோடு போட்டு வைப்பது இதற்கு எளிய வழி.

மூன்றாவது, விளக்கு. கடை சாத்தும்போது சாமி படத்துக்கு முன் ஏற்றிய விளக்கை எரியவிட்டுப் போவது நம்மில் பலருக்கு வழக்கம். காற்றில் ஆடும் சுடர் சென்சாரை ஏமாற்றக்கூடும். அதைவிட, ஆளில்லாக் கடையில் எரியும் விளக்கு தீ விபத்துக்கும் வழி. மலையேற்றிவிட்டுப் பூட்டுவதே நல்லது.

நான்காவது, கத்திரி வெயில். வெப்ப வித்தியாசத்தைக் கொண்டு ஆளை அறியும் கருவி இது. பகல் முழுதும் காய்ந்த தகரக் கூரையின் கீழ், ஜன்னலடைத்த குடோனில், முன்னிரவிலும் சூடு உடம்பின் சூட்டுக்குச் சமமாக இருக்கும். அப்போது ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் சென்சார் மந்தமாகிவிடும். வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ரகம் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை ரகம் இன்னும் நம்பகமானது. இரண்டும் ஒருசேர அசைவைக் கண்டால்தான் அடிக்கும் என்பதால் வீண் மணி குறையும். ஆனால் மைக்ரோவேவ் பிளைவுட் தடுப்பையும் மெல்லிய சுவரையும் ஊடுருவும். பக்கத்துக் கடையில் இரவு மாவு அரைப்பவர் இருந்தால் அதன் எல்லையைக் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

மின்சாரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று இருக்கும். புதிதாக இருக்கையில் ஒரு நாள் தாங்கும். நம் வெப்பத்தில் சில ஆண்டுகளில் அது செத்துவிடும். செத்தது நமக்குத் தெரியாது, ஏனென்றால் கரண்ட் இருக்கும்வரை பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்ததும், புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் செல்போன் சிக்னலும் படுத்துப்போனதும் நாம் அறிந்ததே. அப்படிப்பட்ட நாட்களில் எந்த அலாரத்தையும் நம்ப முடியாது. பழைய முறைப்படி ஆள்தான். கண்ட்ரோல் பெட்டியை இடுப்பு உயரத்தில் மாட்டாமல் தலைக்கு மேல் மாட்டினால் வெள்ளத்திலிருந்தாவது தப்பும்.

நம் செல்போனுக்கு அழைப்பு வரும் ரகத்துக்கு உள்ளே ஒரு சிம் கார்டு வேண்டும். விலை குறைந்த பழைய பெட்டிகள் 2ஜி மட்டுமே அறியும். ஜியோ சிம் அவற்றில் வேலை செய்யாது. 4ஜி பெட்டியாகக் கேட்டு வாங்குவதே மேல். சிம்முக்கு ரீசார்ஜ் செய்யும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்த சிம் உள்ள அலாரம் ஊமை. கடையில் நாள் முழுதும் ஊருக்கெல்லாம் ரீசார்ஜ் செய்து தருகிறவர்களே தங்கள் அலாரம் சிம்மை மறந்துவிடுவது உண்டு!

இத்தனையும் செய்து, சென்சார் சரியாக ஆளைக் கண்டு, நள்ளிரவு இரண்டு மணிக்கு சைரன் அலறுகிறது என்று வைத்துக்கொள்வோம். யார் வருவார்கள்?

இந்தக் கட்டுரையை எழுத வந்ததே இதற்காகத்தான். சென்ற மாதம் நான்கு முறை எலிக்காக அலறிய சைரன் ஐந்தாம் முறை திருடனுக்காக அலறினால் தெருவில் ஒருவர்கூட ஜன்னல் திறக்கமாட்டார். இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீசார், வருகிற அலாரங்களில் மிகப் பெரும்பாலானவை வெற்று அலாரங்களாக இருந்ததால், யாராவது நேரில் பார்த்து உறுதி செய்யாமல் அலாரம் அடித்ததற்காக மட்டும் வரமாட்டோம் என்று 2000ஆம் ஆண்டில் விதி செய்துவிட்டார்கள். நம் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. செங்குன்றம் முதல் பூந்தமல்லி வரை அதன் எல்லை. ரோந்து வாகனம் உண்டு, 100க்கு அழைத்தால் வருவார்கள். ஆனால் அழைப்பதற்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

கடைக்காரர் தாமே ஓடிப் போவது சரியான பதில் அல்ல. செல்போன் அடித்ததும் லுங்கியோடு இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு தனியே போய் ஷட்டரைத் தூக்குவது நமக்கு இயல்பாக வருகிறது. உள்ளே இருப்பவன் கையில் கடப்பாரை இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. கல்லாவில் உள்ளது எவ்வளவானாலும் அது போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். முதலில் 100, பிறகு பக்கத்துக் கடைக்காரர் இருவருக்கு அழைப்பு, மூவரும் சேர்ந்து எதிர்ப்புறத் தெருவில் நின்று, எல்லோரும் விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுத்தாலே போதும். திருடன் ஓடுவதற்கு வழி விட்டு நிற்க வேண்டும். மறித்து நிற்கக் கூடாது.

ஆகவே நமது யோசனை இதுதான். அலாரத்தைக் கடை கடையாகத் தனித்தனியே வாங்குவதைவிட, தெருவுக்கு ஐந்து கடை, பத்து கடை என்று குழுவாகச் சேர்ந்து வாங்குவோம். ஒவ்வொரு கடையின் பெட்டியிலும் உரிமையாளர் எண்ணோடு, அந்தத் தெருவில் மாடியிலேயே குடியிருக்கும் இரண்டு பேரின் எண்ணையும் பதிந்து வைப்போம். நெடுஞ்சாலையில் கடை வைத்துத் திருநின்றவூரில் குடியிருப்பவர் வந்து சேர அரை மணி ஆகும். மேல்மாடியில் இருப்பவர் ஜன்னல் வழியாகப் பார்க்க அரை நிமிடம் போதும். குழுவாக வாங்கினால் விலையும் பேசலாம், மாட்டியவரைத் திரும்ப வரவழைக்கவும் பலம் இருக்கும். "அவரவர் கடை அவரவர் பாடு" என்று சொல்வோரும் நம்மிடையே உண்டு. கொளத்தூரில் துளை விழுந்தது பக்கத்துக் கடையின் தரையில் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். ஷட்டர் பாதி இறக்கியே இருக்கும் கடை, ஆள் நடமாட்டம் இருந்தும் வியாபாரம் நடக்காத கடை, இரவில் டிரில் சத்தம் வரும் மாடி இவற்றையெல்லாம் அக்கம்பக்கத்தார்தான் கவனிக்க முடியும்.

மதியம் பூட்டும்போதும் அலாரத்தைப் போட வேண்டும் என்பதையும் அந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். "சாப்பிட்டுவிட்டு வர ஒரு மணி நேரம்தானே" என்பது அவர்களுக்கும் தெரிந்த கணக்கு. அதே சமயம், கடை திறந்திருக்கும்போது மோஷன் சென்சாரால் பயன் இல்லை. 2024 ஏப்ரலில் ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் வாடிக்கையாளர் போல நகைக்கடைக்குள் நுழைந்தவர்கள் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தார்கள். அதற்குக் கல்லாவுக்கு அடியில் காலால் அமுக்கும் ஸ்விட்ச் ஒன்று வேண்டும். இதே பெட்டியில் அதையும் இணைக்கலாம். கூடுதல் செலவு சொற்பம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். காவலுக்காகப் பையனைக் கடைக்குள் படுக்கவைத்து, வெளியே பூட்டைப் போட்டுக்கொண்டு போகும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. உள்ளே எண்ணெய் டின், அட்டைப் பெட்டி, தீப்பெட்டி பண்டல், சாக்கு. மின்கசிவு ஒன்று ஏற்பட்டால் அந்தப் பையன் எந்த வழியாக வெளியே வருவான்? பத்து ஆயிரம் ரூபாய் சரக்கைக் காக்க ஒருவருடைய பிள்ளையைப் பூட்டி வைக்க நமக்கு உரிமை இல்லை. ஒரு சாதாரண அலாரம் நடுத்தர விலை செல்போன் ஒன்றின் செலவில் முடிந்துவிடும் காலம் இது. ஆள் உள்ளே தங்கித்தான் ஆக வேண்டுமென்றால் உள்பக்கம் திறக்கும் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். அவர் தங்கும் பகுதியை விட்டு மற்றப் பகுதிக்கு மட்டும் அலாரம் போட வசதி உள்ள பெட்டியாக வாங்க வேண்டும்.

அலாரத்தின் ரகசிய எண்ணை யார் யாரிடம் சொல்லியிருக்கிறோம் என்பதும் முக்கியம். வேலையை விட்டுப் போனவருக்கும் தெரிந்த எண், பூட்டில்லாக் கதவு. ஆள் மாறும் அன்றே எண்ணை மாற்றிவிட வேண்டும். பகலில் யாராவது சென்சார் முகப்பில் டேப் ஒட்டிவிட்டுப் போனால் இரவில் அது குருடு. கடை சாத்தும்போது ஒருமுறை எதிரே நடந்து, சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டுச் சாத்துவது அரை நிமிட வேலை.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்காரர் பாலிசியில் திருட்டு என்றால் பொதுவாக உடைத்து நுழைந்த அடையாளம் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நம் ஆளே எடுத்துவிட்டால் அந்தப் பிரிவில் வராது. பெட்டகத்தில் வைக்காமல் கல்லாவில் விட்டுப் போன பணத்துக்கும் பெரும்பாலும் கிடைக்காது. சரக்கு இருப்புக் கணக்கு எழுதியிருந்தால்தான் போனது எவ்வளவு என்று நிரூபிக்க முடியும். எனவே உடைபட்ட இடத்தைத் தொடாமல் போட்டோ எடுத்துவிட்டு, உடனே புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். நகலை வாங்க வேண்டும். 457, 380 என்று நாம் பழகிய பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் மாறிவிட்டன. புதிய பாரதிய நியாய சம்ஹிதையில் அவை 331, 305 என்று இருக்கும். நகலில் வேறு எண்ணைக் கண்டு குழம்ப வேண்டாம்.

கடைசியாக, சோதனை. சென்சார் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் நாள் நினைவிருப்பதில்லை. நமக்கு அமாவாசை நினைவிருக்கும். அன்று கடைக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைக்கிறோம். உடைத்த கையோடு அலாரத்தையும் அடிக்கவிட்டுப் பார்ப்போம். மெயின் ஸ்விட்சை அணைத்து, பேட்டரியில் ஓடுகிறதா என்றும் பார்ப்போம். குழுவில் உள்ள இரண்டு பேருக்கும் அழைப்பு போகிறதா என்று கேட்போம். பேட்டரி மாற்றும் நாளை ஆயுத பூஜையோடு வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போகிறவர்கள், போகும் நாளையும் திரும்பும் நாளையும் குழுவில் உள்ளவர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள், தங்கள் தெருவில் இரவில் குடியிருப்பவர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால், அன்றே குழுக்களைப் பிரித்துவிடலாம்.